இன்சுலினைத் தானே போட்டுக்கொள்வோருக்கு: பாட்டிலை எடுப்பது முதல் ஊசியை அப்புறப்படுத்துவது வரை

இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு மருத்துவர் எழுதிய அளவு சரியாகவே இருக்கிறது. அந்த அளவு தோலுக்கு அடியில் போய்ச் சேருவதில்தான் தவறு நேர்கிறது. அளவைக் கூட்டுவதற்கு முன் அவர்களை என் எதிரில் உட்கார வைத்து, வீட்டில் செய்வது போலவே செய்துகாட்டச் சொல்வேன். தவறு எங்கே என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும், பல ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டு எங்கோ தடுமாறுகிறவர்களுக்கும், அவர்களுக்கு உதவும் வீட்டாருக்கும் இந்த வழிகாட்டி. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் நேரக்கூடிய தவறைத் தடுப்பதற்காகவே அந்த இடத்தில் இருக்கிறது.

1. முதலில் மருந்துச் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள்

சீட்டில் "20-0-16" என்று எழுதியிருந்தால் காலையில் 20 யூனிட், மதியம் இல்லை, இரவு 16 யூனிட் என்று பொருள். எளிதான குறிப்புதான், ஆனாலும் காலை அளவையும் இரவு அளவையும் மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். நான்கு விவரங்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மருந்து வைக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்: இன்சுலினின் பெயர், ஒவ்வொரு வேளைக்குமான யூனிட், சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்பு போட வேண்டும், சர்க்கரை எந்த அளவுக்குக் கீழே இருந்தால் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். நான்காவது விவரம் பெரும்பாலான சீட்டுகளில் இருப்பதில்லை. அதை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வகை இன்சுலின் போடுகிறவர்கள் ஒவ்வொரு பாட்டிலிலும் அல்லது இன்சுலின் பேனாவிலும் (பேனா வடிவில் உள்ள ஊசிக் கருவி) வெவ்வேறு நிறத்தில் பிளாஸ்திரி ஒட்டி, எந்த வேளைக்கு உரியது என்று எழுதிவைக்க வேண்டும். விளக்கு மங்கலாக இருக்கும் இரவு நேரத்தில் பேனா மாறிப்போவது மிக எளிது.

2. எல்லாப் பொருள்களையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள்

இன்சுலின், சிரிஞ்சு அல்லது புதிய ஊசி மாட்டிய பேனா, குளுக்கோமீட்டரும் அதன் ஸ்ட்ரிப்பும், ஒரு நோட்டு, பயன்படுத்திய ஊசியைப் போடக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஆகியவை வேண்டும். இவற்றோடு குளுக்கோஸ் பொடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதல் ஊசி போடும் நாளிலேயே அது வீட்டில் இருந்தாக வேண்டும். சர்க்கரை இறங்கித் தலை சுற்றும்போது கடைக்கு ஆள் அனுப்ப நேரம் இருக்காது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். கிருமிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்திப் பார்த்தால் மீட்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி முடிவெடுத்தால் அடுத்து வரும் எல்லாமே தவறாகும்.

3. பாட்டிலும் சிரிஞ்சும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்

இந்தப் படியில் நேரும் தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இந்தியாவில் பாட்டிலில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் அடர்த்தி உடையது. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் (பேனாவுக்குள் பொருத்தும் மருந்துக் குழாய்) இருப்பது பொதுவாக மில்லிலிட்டருக்கு 100 யூனிட். 100 யூனிட் அடர்த்தியுள்ள பாட்டில்களும் கடைகளில் உண்டு. சிரிஞ்சிலும் அதே போல இரண்டு வகை: 40க்கு உரியது சிவப்பு மூடியோடும், 100க்கு உரியது ஆரஞ்சு மூடியோடும் வரும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணையும் பாட்டில் லேபிளில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மாறினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 40 யூனிட் பாட்டிலிலிருந்து 100க்கு உரிய சிரிஞ்சில் "20" என்ற கோடு வரை எடுத்தால் வருவது 0.2 மில்லிலிட்டர், அதில் இருப்பது 8 யூனிட் மட்டுமே. திருப்பி, 100 யூனிட் இன்சுலினை 40க்கு உரிய சிரிஞ்சில் "20" வரை எடுத்தால் அரை மில்லிலிட்டர் வரும். அது 50 யூனிட். முதல் தவறில் சர்க்கரை மாதக்கணக்கில் ஏறியே நிற்கும். இரண்டாவது தவறு ஒரே இரவில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

பேனா பழுதாகிவிட்டது என்பதற்காகக் கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி எடுப்பவர்கள் இந்த இரண்டாவது தவறில்தான் விழுகிறார்கள். அதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். மருந்துக் கடையில் சிரிஞ்சு வாங்கும்போது "இன்சுலின் சிரிஞ்சு" என்று மட்டும் கேட்காமல் பழைய பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

சிரிஞ்சில் ஒரு சிறு கோட்டுக்கு எத்தனை யூனிட் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 40க்கு உரிய ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட். 100க்கு உரிய ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சுகளில் பெரும்பாலும் ஒரு கோடு இரண்டு யூனிட்.

4. மருந்து கெடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்

ரெகுலர், அஸ்பார்ட், லிஸ்ப்ரோ, கிளார்ஜின் ஆகிய இன்சுலின் வகைகள் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் போடக் கூடாது. நடுத்தர நேரம் வேலை செய்யும் என்பிஎச் (NPH) இன்சுலினும், ரெகுலரும் என்பிஎச்சும் சேர்ந்த 30/70 கலவை இன்சுலினும் இயல்பாகவே பால் போல வெண்மையாக இருக்கும். கலக்கிய பிறகும் திப்பி திப்பியாக நின்றாலோ, பாட்டிலின் உட்புறம் உறைபனி படிந்தது போல வெள்ளையாக ஒட்டியிருந்தாலோ அதைக் கழித்துவிடுங்கள்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டு அதற்கு ஏற்ற இடம். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் உறைவிப்பானுக்கு அடுத்த மேல் தட்டிலும் பின்சுவரை ஒட்டியும் வைத்தால் மருந்து உறைந்துபோகும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. திறந்து பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலோ பேனாவோ வெயில் படாத, 25 முதல் 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். உங்கள் இன்சுலினுக்கு உரிய கெடு பெட்டிக்குள் வரும் தாளில் இருக்கும். திறந்த தேதியை லேபிளிலேயே எழுதுங்கள்.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டும் என்பதால் திறந்த பாட்டிலையும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, போடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுப்பது நல்லது. சில்லென்று போட்டால் வலிக்கும். பெட்டி இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, அதன் நடுவில் சிறிய மண்பானையைப் புதைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இன்சுலினைப் போட்டு அதில் வைத்து, ஈரத் துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயாமல் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பயணத்தில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் நிறுத்திய காரிலும் வைக்காதீர்கள். பனிக்கட்டி நேராகப் படும்படியும் வைக்காதீர்கள்.

5. சர்க்கரையைப் பார்த்து, சாப்பாட்டை உறுதிசெய்த பிறகே மருந்தை எடுங்கள்

ரெகுலரும் 30/70 மனித இன்சுலினும் வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் எடுக்கும். ஆகவே சாப்பிடுவதற்கு 30 நிமிடம் முன்பு போட வேண்டும். அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்றவை விரைவாக வேலை செய்வதால் அவற்றைச் சாப்பிடுவதற்குச் சற்று முன்பு, 15 நிமிடத்துக்குள் போட்டால் போதும். கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலினுக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை. அதைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். எல்லாமே இன்சுலின்தானே என்று ஒன்றுக்கு உரிய நேரத்தை இன்னொன்றுக்கு வைத்துக்கொள்வது மிகப் பரவலான குழப்பம்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும் நாளில், வழக்கம் போல வீட்டிலேயே காலை ஊசியைப் போட்டுக்கொண்டு பரிசோதனைக் கூடத்தில் வரிசையில் நின்று மயங்கி விழுகிறவர்கள் உண்டு. சாப்பாட்டுக்கு முன்பு போடும் இன்சுலினை அன்றைக்குக் கையோடு எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகு, உணவு தயாராக இருப்பதைப் பார்த்துக்கொண்டு போடுங்கள். சாப்பாட்டுக்குப் பிந்திய பரிசோதனையும் இருந்தால் வழக்கமான ஊசியையும் உணவையும் மாற்றாதீர்கள். சஷ்டி, கிருத்திகை விரதமோ ரமலான் நோன்போ இருக்கிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்து, அந்த நாள்களுக்கான அளவை எழுதி வாங்க வேண்டும்.

6. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்; விரலால் தடவிப் பாருங்கள்

வயிறு, தொடையின் மேற்பகுதியில் வெளிப்புறம், புட்டத்தின் மேல்பகுதி, மேற்கையின் பின்புறம் ஆகிய நான்கு இடங்களில் போடலாம். ரெகுலர் போன்ற மனித இன்சுலின் வயிற்றிலிருந்து மிக விரைவாகவும் தொடை, புட்டத்திலிருந்து மெதுவாகவும் ரத்தத்தில் கலக்கும். ஆகவே காலையில் வயிறு, மறுநாள் காலையில் தொடை என்று மாற்றினால் சர்க்கரையும் ஏறி இறங்கும். காலை ஊசிக்கு ஒரு பகுதி, இரவு ஊசிக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்குள்ளேயே இடம் மாற்றுங்கள். தானே போட்டுக்கொள்கிறவர்களுக்கு வயிறும் தொடையும் வசதி. ஒரு கையால் மேற்கையில் போடும்போது ஊசி தசைக்குள் போய்விட வாய்ப்பு அதிகம்.

வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். மீதியை நான்கு கால்பகுதிகளாக நினைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு கால்பகுதியைப் பயன்படுத்துங்கள். ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையில் ஒரு விரல் அகலமாவது இருக்க வேண்டும். காலண்டரில் அந்த வாரத்துக்கு "வலது மேல்", "வலது கீழ்" என்று குறித்து வைத்தால் மறதி குறுக்கிடாது.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தும்போது தோலுக்கு அடியில் கொழுப்புத் தடித்துக் கட்டி போலாகிவிடும். அந்த இடத்தில் வலி குறைவு. அதனாலேயே நோயாளிகள் அதை விரும்பித் தேடிப் போகிறார்கள். கட்டிக்குள் போன இன்சுலின் எப்போது, எவ்வளவு ரத்தத்தில் கலக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் 300, மறுநாள் 65 என்று காரணமில்லாமல் எண்கள் தாவுவதற்குப் பின்னால் இது இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத கட்டியும் கைக்குத் தெரியும். குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல் நுனிகளால் வயிற்றையும் தொடையையும் மெதுவாக அழுத்தித் தடவுங்கள். சுற்றிலும் உள்ள தோலைவிடத் தடிப்பாக, ரப்பர் போல ஓர் இடம் தட்டுப்பட்டால் அங்கே போடுவதை நிறுத்த வேண்டும்.

7. பால் போன்ற இன்சுலினைக் கலக்குங்கள்

30/70, என்பிஎச் போடுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் படி. இரு உள்ளங்கைகளுக்கு இடையில் பத்து முறை உருட்டி, பிறகு பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். முழுவதும் ஒரே வெண்மையாக வர வேண்டும். அடியில் படிந்த மருந்தைக் கலக்காமல் எடுத்தால் ஒரு வேளை நீர்த்தும் ஒரு வேளை அடர்த்தியாகவும் போகும். டானிக் பாட்டில் போலக் குலுக்காதீர்கள். நுரையும் குமிழியும் வந்து அளவு குறையும்.

8. சிரிஞ்சில் எடுப்பது

போட வேண்டிய யூனிட் அளவுக்குக் காற்றைச் சிரிஞ்சில் இழுத்து, நிமிர்ந்த நிலையில் உள்ள பாட்டிலுக்குள் செலுத்துங்கள். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள் அழுத்தம் குறைந்து மருந்து வர மறுக்கும். பிறகு பாட்டிலைத் தலைகீழாக்கி, கோட்டைக் கண்ணுக்கு நேரே வைத்து மருந்தை இழுங்கள். குமிழி இருந்தால் சிரிஞ்சைச் சுண்டி மேலே கொண்டுவந்து வெளியேற்றி, மீண்டும் கோட்டைச் சரிபாருங்கள். சிறு குமிழி தோலுக்கு அடியில் போவதால் தீங்கில்லை. அது பிடித்துக்கொள்ளும் இடத்தின் அளவுக்கு மருந்து குறைகிறது என்பதுதான் சிக்கல்.

ரெகுலரையும் என்பிஎச்சையும் ஒரே சிரிஞ்சில் கலந்து போடச் சொல்லியிருந்தால் வரிசை இது: முதலில் என்பிஎச் பாட்டிலுக்குள் காற்று, அடுத்து ரெகுலர் பாட்டிலுக்குள் காற்று, உடனே ரெகுலரை எடுப்பது, கடைசியில் என்பிஎச்சை எடுப்பது. தெளிவானது முன்னே, கலங்கலானது பின்னே. மாற்றிச் செய்தால் என்பிஎச் சிறிது சிறிதாக ரெகுலர் பாட்டிலுக்குள் போய் அதன் வேகத்தைக் கெடுத்துவிடும். கிளார்ஜினை எதனோடும் ஒரே சிரிஞ்சில் சேர்க்கக் கூடாது.

9. பேனாவில் போடுவது

புதிய ஊசியை மாட்டி, அதன் வெளி மூடி, உள் மூடி இரண்டையும் கழற்றுங்கள். உள் மூடியைக் கழற்றாமலே பொத்தானை அழுத்தி, மருந்து போய்விட்டதாக நம்புகிறவர்கள் உண்டு. ஊசி மேல்நோக்கி இருக்க, 2 யூனிட் வைத்து அழுத்தி, நுனியில் ஒரு சொட்டு வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வராவிட்டால் திரும்பச் செய்யுங்கள். ஊசி அடைத்திருந்தாலும் உள்ளே காற்று இருந்தாலும் இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். இதை வீண் செலவு என்று தவிர்ப்பது பொய்ச் சிக்கனம்.

பிறகு அளவைத் திருப்பி, சன்னலில் தெரியும் எண்ணைப் படியுங்கள். "கிளிக்" சத்தத்தை எண்ணி அளவு வைக்காதீர்கள். கண் மங்கியவர்களுக்கு இந்த இடத்தில் மட்டுமாவது இன்னொருவர் பார்வை வேண்டும்.

10. குத்துவது

தோல் சுத்தமாக இருந்தால் ஸ்பிரிட் தேவையில்லை; துடைத்தால் முழுவதும் காய்ந்த பிறகே குத்துங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும். துணிக்கு மேலே குத்தாதீர்கள்.

4 மில்லிமீட்டர் பேனா ஊசியைப் பெரும்பாலான பெரியவர்கள் தோலைப் பிடிக்காமலே செங்குத்தாகப் போடலாம். 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஊசி உள்ள சிரிஞ்சுக்குக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மெதுவாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முழுக் கையால் அள்ளிப் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும். ஒல்லியானவர்கள் 8 மில்லிமீட்டர் ஊசியை 45 டிகிரி சாய்வாகக் குத்த வேண்டும். தசைக்குள் போனால் வலியும் கூடும், மருந்தும் எதிர்பாராத வேகத்தில் கலந்து சர்க்கரையை இறக்கிவிடும்.

மருந்தை ஒரே சீராக அழுத்துங்கள். பேனாவில் எண் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகும் கட்டைவிரலை எடுக்காமல் மெதுவாகப் பத்து வரை எண்ணி, அதன் பிறகே ஊசியை இழுங்கள். உடனே இழுத்தால் சில யூனிட் ஊசி நுனியிலும் தோல்மேலும் நின்றுவிடும். பிடித்த தோலை ஊசி வெளியே வந்த பிறகு விடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். மருந்து சிறிது கசிந்துவிட்டால் உத்தேசமாக இன்னொரு ஊசி போடாமல், நோட்டில் குறித்துக்கொண்டு சர்க்கரையைக் கவனியுங்கள்.

11. ஊசியைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள்

பேனாவில் ஊசியை மாட்டியே வைத்தால் வெப்பம் மாறும்போது மருந்து கசியும், காற்றும் உள்ளே போகும். ஊசி ஒரு முறைக்கு உரியது. செலவு கருதிப் பலர் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியும். மழுங்கிய ஊசி வலியையும் மேலே சொன்ன கட்டியையும் கூட்டும் என்பதால், குறைந்தது வலி தெரியத் தொடங்கும் வரை காத்திருக்காமல் மாற்றுங்கள். பேனாவையோ ஊசியையோ கணவன் மனைவிக்குள்கூடப் பகிர்ந்துகொள்ளவே கூடாது. ஊசியை மாற்றினாலும் கார்ட்ரிட்ஜுக்குள் ரத்தம் போயிருக்கலாம்.

பயன்படுத்தியதைக் கெட்டியான டப்பாவில் சேர்த்து மூடி, மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுக் கொடுங்கள். குப்பையில் அப்படியே போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும்.

12. பாட்டில் கணக்கை வைத்துச் சரிபாருங்கள்

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. ஆனால் வீட்டிலிருந்தபடியே தவறைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. 40 யூனிட் அடர்த்தியுள்ள 10 மில்லிலிட்டர் பாட்டிலில் மொத்தம் 400 யூனிட் இருக்கும். காலை 24, இரவு 16 போடுகிறவருக்கு அது சரியாகப் பத்து நாள் வர வேண்டும். இருபத்தைந்து நாள் வந்தால் அவர் 100க்கு உரிய சிரிஞ்சில் எடுக்கிறார் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பதினான்கு நாள் வந்தால் வேளைகள் தவறுகின்றன. 3 மில்லிலிட்டர் கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். சோதனைக்குப் போகும் 2 யூனிட்டையும் ஒவ்வொரு வேளையோடு கூட்டிக் கணக்கிடுங்கள்.

13. சர்க்கரை இறங்கினால்

நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பமான பேச்சு ஆகியவை அறிகுறிகள். மீட்டரில் 70க்குக் கீழே இருந்தாலோ, பார்க்க வசதி இல்லாவிட்டாலோ, சுமார் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, ஏறாவிட்டால் திரும்பக் குடியுங்கள். ஏறிய பிறகு உணவு உண்ணுங்கள். லட்டு, சாக்லேட் போன்றவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீனி விரைவாக உதவாது, குளுக்கோஸ்தான் வேண்டும்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

14. வேளை தவறினாலும் உடம்பு சரியில்லாவிட்டாலும்

தவறிய வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடாதீர்கள். காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளில் இன்சுலினைத் தாமாகவே நிறுத்திவிடுவது பெருந்தவறு. நோயின் போது சாப்பிடாமலே சர்க்கரை ஏறலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பார்த்து, அன்றைய அளவைத் தொலைபேசியிலாவது மருத்துவரிடம் கேளுங்கள்.

15. தவறு கண்டுபிடிக்கப்பட்டால், திருத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்

வீட்டில் ஒருவர் இந்தப் படிகளைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளி ஊசி போடுவதை முழுவதும் குறுக்கிடாமல் பார்க்க வேண்டும். "சரியாகப் போடுகிறீர்களா" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். செய்துகாட்டும்போதுதான் விட்டுப்போன படி தெரியும். ஆபத்தான அளவு சிரிஞ்சில் ஏறுவதைக் கண்டால் மட்டும் உடனே தடுத்து நிறுத்துங்கள்.

குறையைக் கண்டவுடன் ஒரே நாளில் திருத்திவிட்டு அதே அளவைத் தொடர்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டியிலேயே போட்டுப் போட்டு, அல்லது தவறான சிரிஞ்சில் குறைவாக எடுத்து, சர்க்கரை இறங்காததால் மருத்துவர் அளவை ஏற்றிக்கொண்டே வந்திருப்பார். நல்ல இடத்தில், சரியான சிரிஞ்சில் அந்த ஏறிய அளவு முழுமையாகப் போகும்போது சர்க்கரை வேகமாக விழும். ஆகவே பாட்டில், சிரிஞ்சு, சர்க்கரை நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், எந்தத் தவறு எத்தனை நாளாக நடந்தது என்று மருத்துவரிடம் சொல்லி, புதிய அளவை எழுதி வாங்குங்கள். அதன் பிறகு முதல் இரண்டு வாரம் சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும் முன்பும், இடையிடையே விடியற்காலை மூன்று மணி அளவிலும் சர்க்கரையைப் பாருங்கள்.